கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற கல்லூரி

1998-இல் என் பிளஸ் டூ முடிவு வந்த அன்று, எங்கள் வீட்டில் என் மதிப்பெண்ணைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள். பஸ்ஸைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்.

1200-க்கு 921 வாங்கியிருந்தேன். தலைமை ஆசிரியர் வீடு வரை வந்து, "பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையாட்டினார். அவர் போன பிறகு பெரியப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பிரதான சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிற ஊர் எங்களுடையது. அப்போது எங்களுக்கு எட்டிய அரசுக் கல்லூரி புதுக்கோட்டை நகரத்தில் இருந்தது. 48 கிலோமீட்டர், நடுவில் ஒரு பஸ் மாற வேண்டும். கல்லூரி விட்டு வந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் மாறும் இடத்தில் மாலை 6.10 வண்டி கிடைக்கும். அது தவறினால் இரவு 8.30. இறங்கிய பிறகு கருவேலங்காட்டு வழியே மூன்று கிலோமீட்டர் நடை. அப்பா படிப்புக்கு எதிரி இல்லை. கணக்குப் போட்டார், விடை வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருடம் கழித்து, என்னைவிட நூற்றைம்பது மதிப்பெண் குறைவாக வாங்கிய தம்பிக்கு அதே கணக்கு வேறு விதமாக வந்தது. அவன் நண்பர்களோடு புதுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கினான். அந்த வழி எனக்கு இருந்ததாக ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் போய்விட்டது.

எங்கள் பகுதியில் பெண்களின் மேற்படிப்பு நின்றுபோன விதம் பெரும்பாலும் இதுதான். அடித்து உதைத்துத் தடுத்த கதைகள் உண்டு, அவை குறைவு. "பார்க்கலாம்" என்ற சொல்லில் கரைந்தவைதான் அதிகம். ஆகவே ஒரு பெண்ணுக்காகப் பேசப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: அவள் திறமையைப் பற்றி அவள் அப்பாவிடம் பேசாதீர்கள், அது அவருக்குத் தெரியும். கால அட்டவணையை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். காலையில் எந்த வண்டி, மாலையில் எந்த வண்டி, அது தவறினால் எது, இறங்குமிடத்தில் யார் நிற்பார்கள். "மேடம் ஆகப் போகிறாள்" என்று பேசிய வீடுகளில் நான் பலமுறை தோற்றிருக்கிறேன். பஸ் நேரம் எழுதிய துண்டுச்சீட்டு சில வீடுகளில் வென்றிருக்கிறது.

நான் பிறகு தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்தேன். பழுப்புக் காகிதம் சுற்றிய புத்தகக் கட்டு வந்து சேரும் நாள் எனக்குத் திருவிழா. அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. ஆனால் மூன்று வருடப் பட்டத்துக்கு எனக்கு ஐந்து வருடம் ஆனது. நடுவில் கல்யாணம். ஒரு வருடம் ஏழு மாத வயிற்றோடு தேர்வு மையத்துக்குப் போனேன். மறு வருடம் கைக்குழந்தையோடு போக முடியாமல் விட்டேன். நன்னூல் நூற்பா ஒன்றை ஆறு மாதம் தவறாகவே புரிந்துவைத்திருந்தேன். தவறு என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவிடலாம், வகுப்பில் அடுத்த பெஞ்சில் இருப்பவளை அனுப்ப முடியாது. இதன் விலை என்ன என்பது என் தங்கையைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தங்கை என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் பள்ளியில் மேல்வகுப்புக்கு வந்த சமயத்தில் எங்கள் தாலுகா தலைநகரில் ஒரு கல்லூரி வந்தது. 11 கிலோமீட்டர். சொந்தக் கட்டடம் கிடையாது, ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய வகுப்பறைகளில்தான் நடந்தது. தமிழ், ஆங்கிலம், வணிகவியல், கணிதம், கணினி அறிவியல் என்று ஐந்தே பாடப்பிரிவுகள். ஊரில் அதைக் கேலி செய்தார்கள். "ஓட்டுக் கொட்டகைக் கல்லூரி" என்று தம்பி பெயர் வைத்தான். நகரத்தில் படித்தவனுக்கு அப்படித்தான் தெரியும்.

2008-இல் தங்கை பிளஸ் டூ முடித்தபோது வீட்டில் விவாதமே நடக்கவில்லை. "பக்கத்தில்தானே, போய்விட்டு வரட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதே வீடு, அதே அப்பா, மதிப்பெண் என்னுடையதைவிடக் கொஞ்சம் குறைவு. மாறியது முப்பத்தேழு கிலோமீட்டர் மட்டும். பத்து வருடத்தில் எங்கள் வீட்டில் பெண்ணுரிமைச் சிந்தனை வளர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1991-92-இல் எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய துணையாக இருந்தார். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் அம்மாவும் நானும் ஒரே வாடகைச் சைக்கிளில் கற்றுக்கொண்டோம். அம்மாவுக்கு முப்பது வயது, எனக்குப் பதினொன்று. முழங்காலில் அவளுக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் என் காலத்துக் கல்லூரி சைக்கிள் எட்டாத தூரத்தில் இருந்தது. தங்கை காலத்தில்தான் சைக்கிளுக்கு வேலை வந்தது. காலையில் பிரதான சாலை வரை மிதித்துப் போய், டீக்கடை ஓரம் பூட்டிவிட்டு 8.05 வண்டியைப் பிடிப்பாள். பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்ததைப் பற்றி ஆராய்ந்தவர்கள், பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் என்று கண்டார்கள். அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டரை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று வருடத்தில் என் தங்கைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், நான் பட்டத்தைக் கடைசியில்தான் வைப்பேன். வகுப்புகளில் பாதி நாள் ஆசிரியர் இருக்கமாட்டார். கௌரவ விரிவுரையாளர்கள்தான் பெரும்பாலும். நல்லவர்கள், ஆனால் சம்பளம் தாமதமாகி, கிடைத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நூலகம் என்பது இரண்டு பீரோ. அப்படிப்பட்ட கல்லூரியில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதனடியில் மூன்றாம் ஆண்டு அக்காமார் சிலர் உட்கார்ந்து பொது அறிவுப் புத்தகம் வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. என்ற சொல்லே தங்கை அங்கேதான் முதலில் கேட்டாள். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்பதையும், அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு உண்டு என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

இதை யோசித்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும். பத்தாம் வகுப்பு போதும் என்றால், 1998-இலேயே நான் எழுதியிருக்கலாம். எனக்குத் தகுதி இருந்தது, தகவல்தான் வரவில்லை. தகவல் மரத்தடியில் இருந்தது. நான் வீட்டில் இருந்தேன். தங்கை மூன்றாவது முயற்சியில் தேறி, இப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறாள். நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வேலையில் எனக்குக் குறை இல்லை. இருவர் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த ஒரு நாள் மட்டும் தூக்கம் வரவில்லை.

ஆகவே, கல்லூரி சரியில்லை என்பதற்காகப் பெண்ணைத் தபால் வழியில் போடப் போகிறேன் என்று சொல்லும் தாய்மாரிடம் நான் சண்டை போடுவேன். வகுப்பு நடக்காத நாளிலும் போகட்டும். அங்கே மற்றவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, கல்யாணம். இரண்டாம் ஆண்டில் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. அதே வயதில் எனக்கு வந்தபோது சொல்வதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் சும்மா இருக்கிற பெண். தங்கைக்கு, "படிப்பு முடியட்டும்" என்று ஒரு சாக்கு இருந்தது. அப்பா அதை நம்பிச் சொன்னாரா, வரதட்சணைப் பணம் சேரவில்லை என்பதால் சொன்னாரா என்பது வேறு. சொல்வதற்கு மரியாதையான ஒரு வாக்கியம் கிடைத்தது. மூன்று வருடம் தள்ளிப்போனது.

தங்கை சேர்ந்ததற்கு அடுத்த வருடம் எங்கள் ஊரிலிருந்து மூன்று பெண்கள் அதே கல்லூரியில் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் தங்கை ஒருத்திதான். ஒருத்தியாகப் போனால் பஸ் நிறுத்தத்தில் நிற்பது ஒரு பேச்சாகும். நான்கு பேராகப் போனால் அது வழக்கமாகிவிடும். நான் கண்ட வரையில், ஒரே ஊரிலிருந்து குறைந்தது மூன்று பெண்கள் ஒன்றாகச் சேர்ந்தால் நடுவில் நிற்பது அரிது. தனியாகச் சேர்ந்தவள் முதல் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு வராமல் போவதுண்டு. அதனால் விண்ணப்பக் காலத்தில் நான் வீட்டுக்கு வீடு போவதில்லை. தெருவுக்குத் தெரு போகிறேன். மூன்று அம்மாக்களை ஒரு திண்ணையில் உட்கார வைத்துப் பேசினால் வேலை சுலபம்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

கல்லூரி பக்கத்தில் இருந்ததால் வீட்டு வேலையும் பக்கத்திலேயே இருந்தது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள். தங்கை நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து, சமைத்துவிட்டு ஓடுவாள். மாலை வந்ததும் மறுபடி அடுப்படி. இரவு ஒன்பதரைக்குப் புத்தகத்தை எடுத்தால் பத்து மணிக்குத் தலை சாயும். தம்பி புதுக்கோட்டையில் அறையில் இருந்தபோது அவனை மாலை ஏழு மணிக்கு யாரும் "இந்த அம்மியைக் கொஞ்சம் கழுவு" என்று கூப்பிடவில்லை. தூரம் அவனுக்குச் சலுகையாக இருந்தது. இதை நாங்கள் யாரும் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

பிறகு நான் கண்டுபிடித்த ஒரே மருந்து, கல்லூரியில் சேர்வதற்கு முன்பே, வீடு சந்தோஷமாக இருக்கும் அந்த ஒரு வாரத்திலேயே, ஒரு மணி நேரத்தைப் பேசி வாங்கிவிடுவது. "இரவு ஏழிலிருந்து எட்டு வரை இவளைக் கூப்பிடக் கூடாது." ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்காது. கல்லூரி நூலகத்திலோ வகுப்பறையிலோ ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து படித்துவிட்டு அடுத்த வண்டியில் வருவதென்றாலும் அதை முதல் வாரத்திலிருந்தே வழக்கமாக்கிவிட வேண்டும். முதல் மாதம் நாலரை மணிக்கு வந்தவள் இரண்டாம் மாதம் ஐந்தரைக்கு வந்தால் கேள்வி கேட்பார்கள். முதல் நாளிலிருந்தே ஐந்தரைக்கு வருபவளை யாரும் கேட்பதில்லை.

அடுத்தது கழிப்பறை. இதைச் சொல்லக் கூச்சப்படுவதில் அர்த்தமில்லை. தங்கை படித்த முதல் வருடம் அங்கே பெண்களுக்கு இருந்த கழிப்பறையில் தண்ணீர் வராது. காலையில் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பி, மாலை வரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். மாதவிலக்கு நாட்களில் விடுப்பு. மாதம் மூன்று நாள் என்றால் வருடத்துக்கு எத்தனை நாள், வருகைப்பதிவில் எவ்வளவு குறையும் என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? நீர்க்கடுப்புக்கு இரண்டு முறை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பெண்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டு முதல்வரிடம் கொடுத்த பிறகுதான் ஒரு தொட்டி வைத்தார்கள். அதனால் சேர்க்கைக்குப் போகும் அம்மாக்கள் அலுவலக அறையை மட்டும் பார்த்துவிட்டு வராமல், பெண்கள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வரட்டும்.

சுழற்சி முறை இன்னொரு கண்ணி. அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு சுழற்சிகள் உண்டு. முதல் சுழற்சி மதியத்தோடு முடியும். இரண்டாம் சுழற்சி மதியம் தொடங்கி மாலை வரை போகும். கலந்தாய்வில் பாடத்தின் பெயரைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்து, பிறகுதான் இரண்டாம் சுழற்சி என்று தெரிந்து அழுத பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்கு ஊர் வண்டி ஆறு மணிக்கு. கடைசி வகுப்பைத் தினமும் விட்டுவிட்டு ஓடிவந்தாள். வருகைப்பதிவு குறைந்து, தேர்வெழுத முடியாமல் ஒரு பருவம் போனது. எந்தச் சுழற்சி என்று கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். கேட்டதோடு நிற்காமல், ஒரு வேலைநாளில் அதே நேரத்துக்குப் போய், அதே வண்டியில் ஒரு முறை திரும்பி வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் கூட்டம் தெரியாது.

பஸ்ஸில் இப்போது காசு வாங்குவதில்லை என்பது உண்மைதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் அம்மா அதற்குப் பிறகுதான் சும்மா ஒரு முறை டவுனுக்குப் போய்வந்தாள், சந்தைக்கும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் இல்லை, சும்மா. ஆனால் அந்தச் சலுகை நகரப் பேருந்து ஓடுகிற ஊர்களுக்குத்தான். தனியார் வண்டியும் புறநகர் வண்டியும் மட்டுமே போகிற வழித்தடத்தில் அது இல்லை. கல்லூரி பக்கத்தில் இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பதினைந்து கிலோமீட்டரில் நேர் வண்டி இருக்கிற கல்லூரி, எட்டுக் கிலோமீட்டரில் வண்டி மாற வேண்டிய கல்லூரியைவிடப் பக்கம்.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம். முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் இருந்தது. பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 25,000 ரூபாய், பட்டம் முடித்திருந்தால் 50,000 ரூபாய், தாலிக்கு 8 கிராம் தங்கம். பட்டத்துக்குக் கூடுதல் தொகை என்பதால் "டிகிரியை முடித்துவிடட்டும், தங்கம் வரும்" என்று பேசிய மாமியார்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் காரணமாக இருந்தாலென்ன, முடிக்கவிட்டார்கள். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி முதல் அந்தப் பணம் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண், கல்லூரியில் படிக்கும் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறாள். கல்யாண நாளில் மொத்தமாக வந்தது, இப்போது படிக்கும்போதே மாதாமாதம் வருகிறது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். மாதம் பிறந்தால் அப்பாவிடம் கை நீட்டாத பத்தொன்பது வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

ஆனால் கணக்கு அவள் பெயரில் இருந்தும் குறுஞ்செய்தி அண்ணன் கைபேசிக்கு வருகிற வீடுகள் நிறைய. ஆதார் இணைந்த வங்கிக் கணக்கைத் தொடங்கும்போதே அவளுடைய சொந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். பிறகு மாற்றப் போனால் வங்கியில் நாலு முறை அலைய விடுவார்கள். கூடவே, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஐந்து நகல் எடுத்து வீட்டில் ஒரு பெட்டியில் போட்டுவையுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, நடுவில் விலகினால் முழுக் கட்டணம் கேட்ட ஒரு தனியார் கல்லூரியிடமிருந்து என் பக்கத்து வீட்டுப் பெண்ணுடையதை மீட்க மூன்று மாதம் ஆனது.

இப்போது தம்பி மகள் கதைக்கு வருகிறேன். உண்மையில் இதை எழுத உட்கார்ந்ததே அவளால்தான்.

2024-இல் அவள் பிளஸ் டூ முடித்தாள். இயற்பியல் படிக்க வேண்டும் என்றாள். பக்கத்துக் கல்லூரிக்கு இதற்குள் சொந்தக் கட்டடம் வந்துவிட்டது, நல்ல மரங்கள் வளர்ந்துவிட்டன. இயற்பியல் மட்டும் வரவில்லை. திருச்சியில் ஓர் அரசுக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைக்கிற மதிப்பெண் இருந்தது. தம்பி சொன்னான்: "பக்கத்திலேயே கல்லூரி இருக்கும்போது எதற்குத் திருச்சி? கணிதம் எடுக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1998-இல் கல்லூரி தூரம் என்று என்னை நிறுத்தினார்கள். 2024-இல் கல்லூரி பக்கம் என்று அவளை நிறுத்தப் பார்த்தார்கள். எனக்கு இல்லாமல் போன கதவுக்காக நான் எவ்வளவோ ஏங்கியிருக்கிறேன். அந்தக் கதவே வேலியாகவும் நிற்கும் என்று நினைத்ததில்லை. தங்கைக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. அவளுக்குப் பள்ளியில் பிடித்தது தாவரவியல். வணிகவியல் படித்தாள், ஏனென்றால் இருந்தது அது. கேட்டபோது, "அப்போது அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா, கிடைத்ததே பெரிதல்லவா" என்றாள்.

டில்லிப் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றி கிரிஜா போர்க்கர் என்ற பொருளாதார ஆய்வாளர் செய்த ஆய்வைத் தங்கை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுவந்து சொன்னாள். நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கிற மதிப்பெண் இருந்தும், போய்வரும் வழி பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்காகப் பெண்கள் அதைவிடத் தரம் குறைந்த கல்லூரியில் சேர்கிறார்களாம். ஆண்கள் அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. தலைநகரத்திலேயே அப்படி என்றால் எங்கள் கதையில் ஆச்சரியம் என்ன?

தம்பியிடம் பேசப் போனபோது நான் முத்துலட்சுமி ரெட்டியின் கதையைச் சொன்னேன். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அவர் வீட்டு மனிதர் மாதிரி. பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோதும், மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்து, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே அவர் படித்தார். உள்ளூரில் ஒரு கல்லூரி இருந்திருக்காவிட்டால் அந்தப் படிப்பு தொடங்கியே இருக்காது. ஆனால் அங்கேயே அவரை நிறுத்தியிருந்தால்? 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, அவருக்கு ராஜா இருந்தார்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் தங்கையிடம் இருந்தது. அவள் கதை சொல்லவில்லை. அரசு அலுவலகத்தில் வேலை செய்பவள் அல்லவா, ஒரு தாளை எடுத்து வைத்தாள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதியில் சேர்வதற்கான விதிகள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும். இந்தத் தூர விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. அந்தக் கடைசி வரியைத் தம்பி இரண்டு முறை படித்தான். எனக்கும் அது அன்றுதான் தெரியும். பக்கத்துக் கல்லூரியிலேயே படித்தாலும் ஒரு பெண் விடுதி கேட்டு விண்ணப்பிக்கலாம். நாலரை மணிக்கு எழுந்து மாட்டுக்குத் தீவனம் வைத்த காலத்தில் யாராவது எங்களுக்கு இதைச் சொல்லியிருந்தால்!

பிறகு தம்பி கேட்ட கேள்விகள் எல்லாம் நேரம் சம்பந்தப்பட்டவை. மாலை எத்தனை மணிக்கு விடுதிக்குள் வர வேண்டும், சனிக்கிழமை வெளியே விடுவார்களா, திருச்சியிலிருந்து எங்கள் பக்கம் கடைசி வண்டி எப்போது. தங்கை கைபேசியில் திருச்சி பஸ் நிலையத்து நேரப் பலகையைப் படமெடுத்து வைத்திருந்தாள்.

தம்பி மகள் இப்போது இரண்டாம் ஆண்டு. மாதம் ஒரு முறை வருகிறாள். வந்தால் முதல் நாள் முழுக்கத் தூங்குகிறாள். "விடுதியில் என்ன, தூங்கவே விடுவதில்லையா?" என்று அவள் அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். மாலையில் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கை தானாக ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கியது.

"அங்கே ராத்திரி ரொம்ப நேரம் படிக்கலாம் அத்தை," என்றாள். "யாரும் கூப்பிடுவதில்லை."